சடவு தெரியுதா

போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் அண்ணனின் லைன் வீட்டுச் சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. தேதித் தாளெல்லாம் கிழிபட்டுப் போய் அனந்தசயனப் பெருமாள் படம் மட்டும் மிஞ்சியிருந்தது. கொழுந்துச் சாக்கோடு சரிவில் விழுந்து இடுப்பு போன நாளிலிருந்து அண்ணன் அந்தப் படத்துக்கு எதிரேதான் படுத்துக் கிடந்தார். மதினி பகலெல்லாம் கொழுந்து கிள்ளப் போய்விடுவார். பேச்சுத் துணைக்குப் பெருமாள்தான். "நாங்க ரெண்டு பேரும் படுத்தே காலத்த ஓட்டுதோம்" என்பார் அண்ணன்.

எழுபதுகளில் நான் திருவனந்தபுரத்தில், பழவங்காடிப் பிள்ளையார் கோயில் பக்கம் ஒரு ஹோட்டலில் வேலை பார்த்தேன். ஒருநாள் காலை பஸ்ஸில் மதினி வந்து இறங்கினார். பத்மநாபசாமியைப் பார்த்துவிட்டு மதிய பஸ்ஸில் திரும்ப வேண்டும். அதை விட்டால் மலைக்கு வேறு பஸ் கிடையாது. அண்ணன் ஒரு கேள்வியைக் கொடுத்து அனுப்பியிருந்தார். "காலண்டர்ல வரையிறவன் எந்தச் சாமியையும் சிரிக்க வச்சிருவான். நீ நேர்ல பாத்துட்டு வந்து சொல்லு, கேட்டியா. இத்தன காலமா படுத்தே கெடக்காரே, மொகத்துல சடவு தெரியுதா?"

சடவு என்றால் எங்கள் பக்கத்தில் அலுப்பு. வேடிக்கைக் கேள்விதான். ஆனால் மதினி சொல்லும்போது சிரிக்கவில்லை, எனக்கும் சிரிப்பு வரவில்லை. அண்ணன் கொஞ்ச நாளாகச் சோற்றுத் தட்டைத் தள்ளிவைக்கத் தொடங்கியிருந்தார். மதினி கொண்டுபோகும் பதிலில்தான் அவர் மனசு நிற்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது.

பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுப் பத்மநாபசாமி கோயிலுக்குப் போனோம். நான் சட்டையைக் கழற்றி, இரவல் வேட்டியோடு பின்னால் நின்றேன். உள்ளே எண்ணெய் விளக்கு வெளிச்சம் மட்டும்தான். படுத்திருக்கும் சாமியை ஒரே பார்வையில் பார்க்க முடியாது. முதல் வாசலில் திருமுகம், நடு வாசலில் நாபிக் கமலம், கடைசியில் பாதம். "வேகம், வேகம்" என்று காவல்காரர் விரட்ட, கூட்டம் எங்களைத் தள்ளிக்கொண்டு வந்து வெளியே விட்டது. வெயிலுக்கு வந்ததும் மதினி அப்படியே நின்றுவிட்டார்.

"தம்பி, நான் கண்ண மூடிட்டேன்."

"எந்த வாசல்ல?"

"மூணுலயும். கையெடுத்துக் கும்பிட்டதும் கண்ணு தானா மூடிக்கிட்டு. அவருக்காவ வேண்டிக்கிட்டே நவந்துட்டேன்."

நடை சாத்திவிட்டார்கள். இனி சாயங்காலம்தான்.

"நான் பாத்தேன் மதினி. சடவே இல்லன்னு சொல்லிருங்க" என்றேன்.

"நீ பாத்தத நான் பாத்ததா எப்படிச் சொல்ல? அவருட்ட நான் பொய் சொன்னதில்லடே."

உடைத்த தேங்காய் மூடியை மடியில் வைத்து, பஸ் ஜன்னலோரம் அழுதுகொண்டே போனார்.

அடுத்த மாதம் மலைக்குப் போனேன். அண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மடியில் தட்டு வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "சாமியப் பாருன்னு அனுப்பினா, கண்ண மூடிக்கிட்டு வந்திருக்கா உன் மதினி. இவள நம்பிப் பிரயோசனமில்ல. நானே எந்திரிச்சுப் போய்ப் பாத்துக்கிடுதேன்" என்றார். அப்படிச் சொல்லிச் சொல்லியே கம்பு ஊன்றி முற்றம் வரை நடந்தார். மலைப்பாதை பஸ் குலுக்கல் மட்டும் அவர் இடுப்புக்கு ஆகவில்லை. சாமியைப் பார்க்காமலேதான் இறந்துபோனார். ஆனாலும் கூடக் கிடைத்த அந்தச் சில வருஷங்களை மதினியின் மூடிய கண்கள் தந்தவை என்றுதான் நினைக்கிறேன்.

போன மாதம் மதினியை மறுபடி கூட்டிப் போனேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. முதல் வாசலில் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "மதினி, கண்ணத் தொறங்க" என்றேன். கைகூடக் கூப்பாமல் பார்த்தார். காவல்காரர் விரட்டியும் நகரவில்லை.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தோம். மதினி சொன்னார்.

"சடவு இல்ல தம்பி. காலண்டர்ல வரஞ்சவன் பொய் சொல்லல."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இத இனி யாருட்டப் போய்ச் சொல்ல?"