முறுக்கு மெஷினுக்கு நான் போட்ட மரை

தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, தெலுக் இந்தானில் முறுக்கு வியாபாரம் செய்யும் ஓர் அக்கா வேனோடு ஈப்போவுக்கு வந்து எங்கள் லேத் பட்டறை வாசலில் நிறுத்தினார். கையில் இரண்டாக முறிந்த எஃகு இணைப்பு ஒன்று. விரல் நீளம்கூட இல்லை. எண்ணெய் அழுத்தத்தில் முறுக்கு பிழியும் மெஷினில் எண்ணெய்க் குழாயை உருளையோடு சேர்ப்பது அதுதான்.

"நாலு கடை ஏறி இறங்கிட்டேன். எங்கயும் இல்லங்கிறான். தவுக்கே எங்க?"

"மகளுக்குப் பிரசவம்னு பினாங்கு போயிட்டாருக்கா."

"அப்ப நீ செய்ய மாட்டியா?"

பதினோரு வருசம் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் இருந்தவள் நான். அது மூடியதும், நாற்பத்தொரு வயதில் லேத்துக்கு வந்தேன். மூன்று வருசமாகக் கடைகிறேன். ஆனால் வாடிக்கையாளர் வேலைக்கு மரை, அதாவது நட்டு ஏறும் திருகுப் புரி, போடுவது எங்கள் முதலாளியான தவுக்கேதான். நான் கழிவு இரும்பில் போட்டுப் பழகியதோடு சரி.

தவுக்கேவுக்குப் போன் அடித்தேன். அவருக்குப் பின்னால் குழந்தை வீறிட்டது. "போலே, போலே! உன்னால முடியும், நீ செய் லா!" என்று கத்திவிட்டு வைத்துவிட்டார்.

எனக்குக் காது சூடாகிவிட்டது.

உடைந்ததை அளந்து பார்த்தேன். கடைகளில் கிடைக்காததற்குக் காரணம் தெரிந்தது. ஒரு முனையில் இன்ச் மரை, மறுமுனையில் மில்லிமீட்டர் மரை. புதுத் துண்டை மாட்டி, நடுவில் துளையிட்டு, இன்ச் பக்கத்தை முதலில் வெட்டினேன். ஒவ்வொரு ஓட்டத்திலும் இரும்பு நீலச் சுருளாக வந்து விழுந்தது. எண்ணெய்க் குழாய் முனையின் பழைய நட்டு வழுக்கிக்கொண்டு ஏறியது. தலைகால் புரியவில்லை.

அந்தச் சந்தோஷம்தான் கெடுத்தது. எங்கள் லேத் இன்ச் கணக்கில் செய்தது. மில்லிமீட்டர் மரை வெட்டும்போது, வேலை முடியும்வரை, வெட்டும் முனையை ஓட வைக்கும் பூட்டுக் கைப்பிடியைத் திறக்கவே கூடாது; மெஷினைப் பின்னோக்கிச் சுற்றித்தான் திரும்ப வேண்டும். பழக்கத்தில் திறந்துவிட்டேன். அடுத்த ஓட்டத்தில் முனை தடம் மாறி, பாதி வெட்டிய மரையைக் குறுக்கே கிழித்தது.

"போச்சுக்கா," என்றேன்.

அக்கா எட்டிப் பார்த்தார். "அந்தப் பக்கம் நல்லாதானே வந்துச்சு? இரும்பு இன்னும் இருக்குல்ல? போடு லா. நான் போய்த் தே தாரேக் வாங்கிட்டு வாரேன்."

வேறொரு துண்டை மாட்டி மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். இந்த முறை கைப்பிடி பக்கமே கை போகவில்லை. முன்னே, பின்னே, மயிரிழை ஆழம், முன்னே, பின்னே. டீ ஆறிப்போய் ஆடை கட்டியது. கடைசியில் மில்லிமீட்டர் நட்டு ஒன்றை வைத்து விரலால் சுண்டினேன். நிற்காமல் அடிவரை ஓடியது!

முறுக்கு மெஷின் வேனிலேயே இருந்தது. இணைப்பை முடுக்கி, பட்டறையிலிருந்து மின்சாரம் இழுத்தோம். அக்கா இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு வாளியை எடுத்தார்.

"என்னக்கா அது?"

"மாவு. பாக்காம எப்படிக் கொண்டுபோறது?"

பம்ப் உறுமியது. அழுத்தமானியின் முள் ஏறியது. இணைப்பைச் சுற்றி டிஷ்யூவைப் பிடித்தேன். ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. நாளிதழ் மேல் மாவு இழை இழையாக இறங்கியது.

"வருது! அக்கா, வருது!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து டயர் கடைக்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள். அக்கா மாவுக் கையோடே என்னைக் கட்டிக்கொண்டார்.

மறுநாளே தவுக்கே திரும்பிவிட்டார். நான் கெடுத்த முதல் துண்டைத்தான் எடுத்து வெகுநேரம் திருப்பிப் பார்த்தார், சிரித்தார். அன்று மதியம் வந்த மரை வேலையை என் மேசையில் வைத்துவிட்டு, பேரனின் படத்தைக் காட்ட டயர் கடைக்குப் போய்விட்டார்.