பலாத்தோலுக்குள் ஓர் அரசன்

யூட்ரெக்ட் என்ற இந்த டச்சு நகரத்தில் மாலையானால் யாரும் திரைச்சீலையை இழுத்து மூடுவதில்லை. தெருவில் நடந்தால், உள்ளே ஒருவர் உருளைக்கிழங்கு மசிப்பதும், இருவர் சண்டை போடுவதும், ஒருவர் மடியில் மற்றவர் காலை நீட்டிக்கொண்டு டிவி பார்ப்பதும் தெரியும். போகிறவர்கள் எட்டிப் பார்ப்பதுமில்லை. நானும் யோஸ்ட்டும் கல்யாணம் செய்துகொண்டு இங்கே குடிவந்து ஆறு வருடமாகிறது. எங்கள் சன்னலும் திறந்தேதான் கிடக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை வானவில் கொடி பிடித்துக் கால்வாயோரம் நடக்கிறேன். துணிச்சல்காரன் என்றுதான் என்னை நினைத்திருந்தேன், போன மே மாதம் நெய்வேலிக்குப் போகும்வரை.

அப்பா சுரங்கத்தில் ஷிப்டு வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு டவுன்ஷிப்புக்கு வெளியே வீடு கட்டிக்கொண்டார். அவரைப் பொறுத்தவரை நான் இன்னும் பெண் அமையாத பிள்ளை. யோஸ்ட் என் அறையைப் பகிர்ந்துகொள்ளும் வெள்ளைக்காரன். பக்கத்து முத்தாண்டிக்குப்பத்தில் தையல்கடை வைத்திருக்கும் திருநங்கை வெண்ணிலா எனக்குப் பழக்கமானது ஃபோன் வழியாகத்தான். அவளையும் சேர்த்து ஏழு பேர். காண்ட்ராக்ட் வேலைக்குப் போகிற இரண்டு ஆண்கள் சேர்ந்து வாழ்கிறார்கள், ரஹீமா நர்ஸ். எல்லோரும் என்னைப் போன்றவர்கள், என்னைப் போல ஊரை விட்டு ஓடாதவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி ஒரு குறும்படம் எழுதியிருந்தார்கள். சரித்திரப் படம், அப்படி ஒரு சரித்திரம் எங்கும் கிடையாது. வாயிற்காவலன்மேல் காதல்கொண்ட ஓர் அரசன். காவலன் மண்ணுக்குள் போய்விட்டான் என்று சோதிடர் சொல்ல, அரசன் நாட்டையே தோண்டச் சொல்கிறான். தோண்டத் தோண்டக் குக்கர் வருகிறது, பஸ் டிக்கெட் வருகிறது, டைப்ரைட்டர் வருகிறது. அமைச்சராக வரும் வெண்ணிலா ஒவ்வொன்றையும் முறைப்படி அரசனுக்குக் கல்யாணம் கட்டிவைக்கிறாள்.

"ராஜாவுக்கு ஒசரமான ஆளு வேணுங்கண்ணா. நீங்கதான்" என்றாள்.

இடிந்து கிடந்த பழைய குவார்ட்டர்ஸ் பக்கம் படப்பிடிப்பு. பண்ருட்டிப் பலாப்பழம் ஒன்றைக் குடைந்து எனக்குக் கிரீடம் செய்திருந்தார்கள். முதல் நாள் காலையிலேயே ஒருவர் வண்டியை நிறுத்தி என்னை உற்றுப் பார்த்தார். அப்பாவோடு ஒரே ஷிப்டில் இருந்தவர். பார்த்தவுடன் தெரிந்துகொண்டேன்.

"நீ தங்கராசு பையன்தான?"

"இல்லீங்க. நான் விழுப்புரம்."

"அப்படியே அவன் மூஞ்சி" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார்.

அவர் மறைந்ததும் வெண்ணிலாவிடம் போய், என் முகம் தெரியக்கூடாது என்றேன்.

"நாங்க ஏழு பேரும் மூஞ்சியக் காட்டிகினுதான் நிக்கிறோம். நாளைக்கும் இந்த ஊரு பஸ்ஸுலதான் ஏறணும். நீங்க பிளேன்ல போயிடுவீங்க."

சொன்னாளே தவிர, மறுக்கவில்லை. இன்னும் பெரிய பழம் வாங்கிவந்து, கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்டு, கழுத்துவரை என் தலையில் கவிழ்த்தாள். பால் பிசின் தாடியில் ஒட்டியது. ஈக்கள் உள்ளே வந்து உதட்டில் உட்கார்ந்தன. ஒரே தோல்தான் மூன்று நாளைக்கும். மூன்றாம் நாள் அது பழுப்பேறிப் புளித்து, கன்னத்தில் ஏதோ நெளிந்தது. வெளியே வசனத்துக்கு வசனம் சிரிப்பு. உள்ளே நான் விட்ட மூச்சே நாற்றமாக என்னிடம் திரும்பியது. பழத்தின் நாற்றம் என்றுதான் அன்று நினைத்தேன்.

இலையுதிர் காலத்தில் யூட்ரெக்ட்டில் ஒரு சின்ன விழாவில் படத்தைத் திரையிட்டார்கள். முடிந்ததும் என்னை மேடையில் உட்காரவைத்தார்கள். ஒருவர், என் தலையில் இருந்தது டூரியன் பழமா என்று கேட்டார். நரைத்த தலையோடு ஒரு பெண்மணி எழுந்து, அரசனுக்கு முகம் தராதது எவ்வளவு துணிச்சலான அரசியல் என்றார். பயந்துபோய் மூடிக்கொண்டேன் என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். "ஆமாம். எங்கள் ஊரில் எங்களில் யாருக்கும் முகம் கிடையாது" என்றேன். எழுந்து நின்று கைதட்டினார்கள். யோஸ்ட் என் கையை அழுத்தி, "மோய்" என்றான். அழகு என்று அர்த்தம். எனக்கு வாந்தி வந்தது. கழிவறையில் வாயைக் கழுவிவிட்டுத் திரும்பியபோது, நான் உணர்ச்சிவசப்பட்டுவிட்டேன் என்று நினைத்து ஒருவர் காகிதக் கைக்குட்டை நீட்டினார். அதையும் வாங்கிக்கொண்டேன்.

விழாக்காரர்கள் என் பேச்சை இணையத்தில் போட்டுவிட்டார்கள். ஒரு வாரம் கழித்து வெண்ணிலா கூப்பிட்டாள்.

"ரஹீமா எல்லாத்தையும் தமிழ்ல சொன்னா. எங்களுக்கா மூஞ்சி இல்ல?"

பொய் சொல்லிவிட்டேன் என்றேன். மன்னிப்பும் கேட்டேன். துணியில் கத்தரி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, பண்ருட்டியில் ஒரு மண்டபம் கிடைத்திருக்கிறது, ஊர்க்காரர்களுக்கும் காட்டப்போகிறோம் என்றாள்.

"கடைசில பேரு ஓடுதில்ல, அதுல உங்க பேரு இருக்கட்டுமா, வேணாமா?"

இங்கே காட்டும் பிரதியில் இருக்கட்டும், அங்கே வேண்டாம் என்றேன்.

பண்ருட்டியில் நன்றாகச் சிரித்தார்களாம். அந்தப் பிரதியை எனக்கும் அனுப்பியிருந்தாள். அமைச்சர், வெண்ணிலா. சோதிடர், ரஹீமா. பேர்கள் மேலேறிக்கொண்டே போகின்றன. என் பேரை எடுத்தவள் அந்த வரியை எடுக்கவில்லை. 'அரசன்' என்ற சொல்லும், அதற்குப் பக்கத்தில் ஓர் ஆள் பேர் அளவுக்கு வெறும் கறுப்பும்.