கோல் வாசலில் நான் உட்கார்ந்த ஆட்டம்

1. "விடு!"

பெண்கள் தேசிய உதைபந்து அணிக்காக நான் கோல்கீப்பராக விளையாடிய முதல் ஆட்டத்தில் எங்கள் வலைக்குள் விழுந்த கோலுக்குக் காரணம் ஒரு தமிழ்ச் சொல்.

வெளிநாட்டு மைதானம். உயரமாக வந்த பந்தைப் பிடிக்க முன்னுக்கு ஓடினேன். எனக்கு முன்னால் தடுப்புக்கு நின்ற சென்டர் பேக் டிலினி அக்காவும் அதே பந்துக்குத் திரும்பினார். "விடு! விடு!" என்று கத்தினேன். குருநாகல்காரியான அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்குச் சிங்களத்தில் சாப்பாட்டுச் சொற்களுக்கு மேல் தெரியாது. பின்னால் யாரோ எதிரணிக்காரி வருகிறாள் என்று நான் எச்சரிப்பதாக நினைத்து, அவர் தலையால் பந்தைப் பின்னுக்குத் தட்டிவிட்டார். அது எனக்கு மேலால் போய் வலைக்குள் விழுந்தது. அந்த ஆட்டத்தில் தோற்றோம்.

இப்போது நான் மன்னாரில் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். கோல்கீப்பராக வர விரும்பும் பிள்ளைகள் எப்படிப் பாய்வது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பாய்வதைப் பழகிவிடலாம். எங்கள் மீன்பிடி ஊரான பேசாலையில், தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் அண்ணன்மாரோடு விளையாடியே நான் உயரப் பந்து பிடிக்கப் பழகினேன். அம்மா மட்டும், "காற்சட்டையோட கோயில் வாசலால போகாதை, பின்வீதியால போ" என்று சொல்லுவா. ஆனால் கோல்கீப்பரின் வேலையில் பாதி வாயால் செய்வது. மைதானம் முழுவதும் தெரிவது அவளுக்கு மட்டும்தான். தெரிந்ததை முன்னால் நிற்பவளுக்கு உடனே சொல்லியாக வேண்டும்.

தோற்ற மறுநாள் காலைச் சாப்பாட்டில் டிலினி அக்கா தன் தட்டோடு என் மேசைக்கு வந்தார். ஒரு தோடம்பழத்தை நடுவில் வைத்தார். தன் நெஞ்சைத் தொட்டு, "மகே" என்றார். என்னுடையது என்று அர்த்தம். பிறகு பழத்தை என் பக்கம் உருட்டி, நீ சொல்லு என்று கையைக் காட்டினார். "மகே" என்றேன். அடுத்ததாக அவர், "விடு?" என்று கேட்டார். நான் பழத்தைத் தொடாமல் கையை எடுத்துக் காட்டினேன். இருவரும் சிரித்துவிட்டோம். அன்றிலிருந்து நான் அவருக்கு ஜெசி நங்கி, அதாவது தங்கச்சி. நாங்கள் இருவரும் நின்றால் நடுப்பக்கத்தால் பந்து கொண்டுவருவது கஷ்டம் என்று மற்ற அணிகளும் சொல்லத் தொடங்கின.

2. கோனர்

அடுத்த வருடம் வேறொரு நாட்டில் ஒரு தொடர். கடைசிக் குழு ஆட்டத்தில் வென்றால் அரையிறுதி. சமநிலை என்றால் வீட்டுக்குத்தான். எங்கள் பெண்கள் அணி அதுவரை அவ்வளவு தூரம் போனதில்லை.

முதல் பாதியில் நாங்கள் ஒரு கோல் போட்டுவிட்டோம். இரண்டாம் பாதி முழுக்க எதிரணி எங்கள் பக்கத்திலேயே நின்றது. மூலையிலிருந்து உதைத்த ஒரு கோனர் பந்துக்கு டிலினி அக்காவும் அவர்களின் உயரமான ஸ்ட்ரைக்கரும் ஒன்றாகப் பாய்ந்தார்கள். தேங்காய் இரண்டு மோதுவது போன்ற சத்தம் கேட்டது. டிலினி அக்கா எனக்கு முன்னால் விழுந்தார்.

தண்ணீர் தெளித்தார்கள். அவர் எழும்பினார். எங்கள் கோச் கொழும்புக்காரர், தமிழும் பேசுவார். ஆனால் டிலினி அக்காவிடம் எல்லைக் கோட்டில் நின்று சிங்களத்தில்தான் கேட்டார். முடியுமா, முடியுமென்றால் நில் என்றார். மற்றச் சென்டர் பேக் காய்ச்சலில் ஹோட்டலில் படுத்திருந்தாள். டிலினி அக்கா பெருவிரலை உயர்த்திக் காட்டினார். ஆட்டம் தொடர்ந்தது.

அடுத்த பந்துக்கு நான் "மகே!" என்று கத்தினேன். அவர் விலகவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவரைச் சுற்றி ஓடித்தான் பந்தைப் பிடித்தேன். அதற்குப் பிறகு வந்த கோனருக்கு அவர் தவறான கம்பத்தில் போய் நின்றார். கிட்டப் போய்த் தோளைப் பிடித்தேன்.

"அக்கே, என்ன?"

"சமிலா, இது முதல் பாதிதானே?" என்று சிங்களத்தில் கேட்டார். அந்தளவு சிங்களம் அப்போது எனக்கு விளங்கும். சமிலா எனக்கு முன்பு அணியில் இருந்த கோல்கீப்பர்.

எல்லைக் கோட்டைப் பார்த்து, "சேர், அக்காவை எடுங்கோ! அவவுக்கு ஏலாது!" என்று கத்தினேன்.

"அவள் ஓகே! நீ கோல பாரு!" என்றார் கோச்.

றெஃபரியைக் கூப்பிட்டேன். அவர் விளையாடச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு ஓடினார். பந்து மறுபடி எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தது. இன்னொரு உயரப் பந்து வந்தால் அக்கா அதற்கும் தலை கொடுப்பார். அவருக்கு வேறெதுவும் நினைவில் இல்லாவிட்டாலும் அது மட்டும் நினைவில் இருக்கும்.

கோல்கீப்பருக்குக் காயம் என்றால் ஆட்டத்தை நிறுத்துவார்கள். பந்து வெளியே போன கணத்தில், எனக்கு ஒன்றும் இல்லாமலே, முழங்காலைப் பிடித்துக்கொண்டு கோல் வாசலில் உட்கார்ந்தேன்.

விசில் ஊதியது. தொடரின் டொக்டர் பையோடு ஓடிவந்து என் முழங்காலைத் தொட்டார். என் அரைகுறை ஆங்கிலத்தில், "எனக்கில்லை டொக்டர், அவவைப் பாருங்கோ" என்று டிலினி அக்காவைக் காட்டினேன். அவர் என்னை ஒருமுறை உற்றுப் பார்த்தார். பிறகு எழும்பிப் போய் அக்காவிடம், இப்போது எங்கே விளையாடுகிறீர்கள் என்று கேட்டார்.

"குருநாகல்" என்றார் அக்கா.

டொக்டர் உடனே கையை உயர்த்தி, ஆளை மாற்றச் சொன்னார். வெளியே கூட்டிப் போகும்போது அக்கா அழுதார். என்னைக் கடந்தபோது நெஞ்சில் கை வைத்துத் தள்ளி, "நீ ஏன் சொன்னாய்?" என்றார்.

அவர் இடத்தில் நிற்க, கோல் அடிக்க மட்டுமே பழகிய ஒரு ஸ்ட்ரைக்கரைத்தான் இறக்க முடிந்தது. கடைசி நிமிடங்களில் அவளுக்கு மேலால் வந்த பந்தைத் தலையால் இடித்து எதிரணி கோலாக்கியது. நான் பாய்ந்தேன், விரல் நுனி பட்டது, போதவில்லை. ஆட்டம் சமநிலை.

3. அதற்குப் பிறகு

உடைமாற்றும் அறையில் யாரும் என் பக்கத்தில் இருக்கவில்லை. கோச் எல்லாருக்கும் முன்னால் கேட்டார்: "நீ கோல்கீப்பரா, டொக்டரா? நல்லா இருந்த காலப் பிடிச்சிக்கிட்டு உக்காந்தியே, வெக்கமா இல்லையா? போ, ஊருக்குப் போய் மீன் கழுவு!"

அக்காவுக்கு உண்மையில் ஒன்றும் இல்லாவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தோடு கிளவுஸைக் கழற்றிப் பைக்குள் வைத்தேன்.

பஸ்ஸில் டிலினி அக்கா வாந்தி எடுத்தார். இரண்டாம் முறை எடுத்தபோது அவரால் பேச முடியவில்லை. பஸ் நேரே ஆஸ்பத்திரிக்குத் திரும்பியது. மண்டைக்குள் இரத்தக் கசிவு என்றார்கள். இன்னொரு அடி பட்டிருந்தால் ஆளே மிஞ்சியிருக்க மாட்டா என்று அங்கிருந்த டொக்டர் எங்கள் அணி மனேஜரிடம் சொன்னார். அதைக் கேட்டு கோச் சுவரோரம் இருந்த கதிரையில் இருந்துவிட்டார். என்னைப் பார்க்கவில்லை. மறுநாள் அக்காவை மனேஜரோடு விட்டுவிட்டு நாங்கள் விமானம் ஏறினோம்.

வீட்டில் நான் சோற்றுக் கோப்பையைத் தொடாமல் இருந்தேன். அப்பா கடலால் வந்து கை கழுவிவிட்டுக் கேட்டார்.

"கோல் விட்டதுக்கா அழுறாய்?"

"இல்லையப்பா. இனி என்னைக் கூப்பிட மாட்டினம்."

"கூப்பிடாட்டி விடு. அந்தப் பிள்ளை இருக்குதா?"

"ஓம். கண் முழிச்சிட்டாவாம்."

"அப்ப சாப்பிடு."

நான் நினைத்தபடியே அணியின் அடுத்த பயிற்சி முகாமுக்கு என்னைக் கூப்பிடவில்லை. வேறு கோச் வந்த பிறகுதான் திரும்ப அணிக்குள் போனேன். பழைய கோச்சை ஒருநாள் கொழும்பில் கண்டேன். "எனக்கு அன்னைக்கு ஸ்கோர் மட்டும்தான் தெரிஞ்சிச்சு புள்ள" என்றார்.

விளையாட வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: தலையில் அடிபட்ட ஒருத்தி முடியும் என்று சொன்னால் நம்பாதீர்கள். அவளிடம் ஏதாவது கேளுங்கள். பதில் பிழையென்றால் எப்படியாவது ஆட்டத்தை நிறுத்துங்கள். ஏச்சைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

டிலினி அக்காவை மறுபடி விளையாட டொக்டர்மார் விடவில்லை. பல மாதங்கள் என்னோடு அவர் பேசவுமில்லை. பிறகு ஒருநாள் தொலைபேசியில் எடுத்தார். அந்த ஆட்டத்தில் ஒன்றுமே ஞாபகம் இல்லை, தொடக்கத்திலிருந்து சொல்லு நங்கி என்றார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் எங்கள் கோல், அவர் தடுத்த பந்துகள், கோனர் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். நான் உட்கார்ந்ததையும் சொன்னேன்.

"நான் வெளியே போகும்போது எந்த அணி முன்னுக்கு?" என்று கேட்டார்.

"நாங்கள்தான் அக்கே. நீங்கள் நின்றவரை எங்களுக்கு ஒரு கோலும் விழவில்லை."

"அப்படியென்றால் சரி" என்றார். பிறகுதான் அழுதார்.