வீட்டுக்குள் ஒரு கக்கூஸ்

கரமனை அக்ரஹாரத்தில் எங்கள் வீடு அகலத்தில் கஞ்சம், நீளத்தில் தாராளம். வாசலில் நின்று கூப்பிட்டால் கொல்லையில் இருப்பவர் காதில் விழாது. கக்கூஸ் அந்தக் கொல்லையின் கடைசி முனையில், கிணற்றையும் தாண்டி இருந்தது. மூன்று படி இறங்கிப் போக வேண்டும். மழைக்காலத்தில் படியெல்லாம் பாசி. எங்கள் ஊர் மலையாள பூமி; வருஷத்தில் பாதி மழைக்காலம்.

1970களின் நடுவில் அம்மாவுக்கு முட்டி வலி ஆரம்பித்தது. நான் கல்யாணம் செய்துகொள்ளாமல், சர்க்கார் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டு அம்மா அப்பாவோடு இருந்தேன். நாளைக்கு அம்மாவால் நடக்க முடியாமல் போனால் என்ன செய்வது என்ற கவலை அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் இருந்தது, அல்லது அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆபீஸில் படம் வரைகிறவரைக் கெஞ்சி ஒரு பிளான் போட்டு வாங்கினேன். அடுக்களைக்குப் பக்கத்தில் விறகு அடுக்கியிருந்த சின்ன அறையைக் கக்கூஸாக மாற்ற வேண்டும், அவ்வளவுதான். கொத்தனாரிடமும் பேசியாகிவிட்டது.

அப்பா அந்தக் காகிதத்தைக் கையால்கூடத் தொடவில்லை.

"அந்தப் பக்கம் அடுக்களை, இந்தப் பக்கம் பூஜை உள். நடுவுல கக்கூஸா? ஆத்துல மடின்னு ஒண்ணு இருக்கணுமா வேண்டாமா?"

"அம்மாவுக்கு முடியாமப் போனா என்னப்பா பண்றது?"

"வராத வியாதிக்கு இப்போவே பாய் விரிக்கறியாக்கும்? நல்ல வார்த்தை பேசு."

வியாதியைப் பற்றி முன்கூட்டிப் பேசினால் அது விலாசம் விசாரித்துக்கொண்டு வந்துவிடும் என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் பயம். ஆவணி அவிட்டத்துக்கு மூன்று மாதம் முன்பே திட்டம் போடுவார்கள். முட்டிக்குத் திட்டம் போட்டால் அபசகுனம். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. அம்மாவாவது எனக்காக ஒரு வார்த்தை பேசினாளா? "எனக்கென்னடி, நன்னாத்தானே நடக்கறேன்" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தபடியே சொன்னாள்.

பிளானை எடுப்பதும் சண்டை போடுவதும் திரும்ப வைப்பதுமாக இரண்டு வருஷம் போனது. ஒரு சித்திரை மாதம் அம்மா அம்மிக்குப் பக்கத்திலேயே மயங்கி விழுந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. டாக்சியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். சிறுநீரில் கிருமி, உடம்பில் தண்ணீர்ச் சத்தே இல்லை என்றார் டாக்டரம்மா. "வெள்ளம் குடிக்காறில்லே, அம்மே?" என்று மலையாளத்தில், தண்ணீரே குடிப்பதில்லையா என்று கேட்டார்.

திரும்பி வரும்போது டாக்சியில் அம்மா என்னிடம் சொன்னாள்.

"மத்தியானம் சாப்டப்புறம் தண்ணி குடிக்கறதில்லைடி. சாயங்காலம் காப்பியும் அரை டம்ளர்தான். குடிச்சாப் போகணுமே. இருட்டினா அந்தப் படியில எறங்கப் பயமா இருக்கு."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

நான் பிளானைத் தூக்கிக்கொண்டு அலைந்த அதே இரண்டு வருஷம். எந்த நாள் வந்துவிடுமோ என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேனோ, அந்த நாள் அவளுக்கு எப்போதோ வந்துவிட்டிருந்தது. பாவி, வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா என்று அவள் மேலும் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் கத்தினேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அப்போ நிறையக் குடிக்கச் சொல்லேன்" என்றார்.

அடுத்த வருஷம் அவருக்கு ப்ராஸ்டேட் ஆபரேஷன். இனி அடிக்கடி போக வேண்டியிருக்கும், படி ஏறி இறங்கவே கூடாது என்று டாக்டர் சொன்னார். அப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே, "அந்தக் கொத்தனார் இப்போ சும்மா இருக்கானா?" என்று கேட்டார். சாஸ்திரிகளை விசாரித்துவிட்டாராம். கதவு அடுக்களையைப் பார்க்காமல் இருந்தால் தோஷமில்லையாம். என் பிளானிலும் கதவு அடுக்களையைப் பார்க்கவில்லை. அதைச் சொன்னால் ஆபரேஷன் ஆனவரிடம் சண்டை போட்டவள் என்ற பேர்தான் மிஞ்சும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கொத்தனாருக்குச் சொல்லி அனுப்பினேன். அவர் வீடு திரும்புவதற்குள் அறை தயாராகிவிட்டது.

அவர் வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய் அம்மாவின் முன்னால் உட்கார்ந்தேன்.

"இனிமே பயமில்லை. குடிம்மா."

"தாகமே எடுக்க மாட்டேங்கறதுடி."

"பரவாயில்லை, குடி."

எனக்காக இரண்டு மடக்கு குடித்தாள். அதற்குள் புதுக் கதவு சாத்தி உள்ளே தாழ் போடும் சத்தம் கேட்டது. அப்பா போயிருந்தார். அம்மா செம்பைக் கீழே வைத்துவிட்டாள்.

"அவர் வரட்டும். அப்புறமாக் குடிக்கறேன்."