நூறு கையெழுத்தும் ஒரு பொன்னாடையும்

கிள்ளான் நகரை ஒட்டிய அந்தத் தாமான் குடியிருப்பில் சுகுமாறன் யாரென்று விசாரித்தால் எவருக்கும் தெரியாது. ‘பஸ் ஸ்டாப்’ சுகுமாறன் என்றால் பூனைகூட வழிகாட்டும். கேரி தீவுத் தோட்டத்தில் பிறந்து, துறைமுகத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் லோரி ஓட்டி, எழுபத்தொரு வயதில் ஓய்ந்திருக்கும் அவர், வாழ்நாளில் ஒரே ஒருமுறை அரசாங்கத்தை அசைத்தவர். 1993இல் நூறு பேரின் கையெழுத்தோடு நகராண்மைக் கழகத்திற்கு மனுக் கொடுத்து, பேருந்து நிறுத்தத்திற்குக் கூரை வாங்கித் தந்தவர். அவர் அக்கதையைத் தொடங்கினாலே மனைவி லெட்சுமி துணி உலர்த்த எழுந்துவிடுவார். அந்த வீட்டில் ஈரத்துணி என்பதே கிடையாது.

குடிமக்கள் அரசாங்கத்தை அணுகும் முறையைப் பாடநூலில் படித்து மாணவர்கள் கொட்டாவி விட்டதால், வரலாற்று ஆசிரியை ரோகிணி அவர்களை வீடு வீடாக நேர்காணலுக்கு அனுப்பினார். ஆதாரத்தோடு அமையும் நேர்காணல் பள்ளி மண்டபத்தில் ஒலிக்கும். பேசியவருக்குப் பொன்னாடை உண்டு. சுகுமாறன் மறுநாளே மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்குச் சென்று, பொன்னாடைக்குப் பொருத்தமான பாத்தேக் சட்டை ஒன்றை வாங்கி வந்தார்.

சனிக்கிழமை காலையில் நான்காம் படிவ மாணவி மலர் வந்து கைப்பேசியில் பதிவைத் தொடங்கினாள். குறுக்கிடக் கூடாது, புகழக் கூடாது, ஆதாரம் கேட்க வேண்டும் என்பவை ஆசிரியையின் விதிகள். இரண்டாவது விதி சுகுமாறனுக்கு அறவே பிடிக்கவில்லை. மூன்றாவதற்கு மட்டும் அவர் ஆயத்தமாக இருந்தார். உறையிலிட்டுக் காத்துவந்த மனுவின் நகலைப் பெருமிதத்துடன் நீட்டினார். மலரின் விரல் பெயர்களின் மேல் ஊர்ந்து, ஐம்பத்தெட்டாவதில் நின்றது.

“அங்கிள், பதினாலாம் நம்பர் வீட்டு தம்புசாமி எங்க தாத்தா.”

“தங்கமான மனுஷன்லா. கேட்டதும் கையெழுத்து போட்டாரு.”

“அவரு 1986லயே இறந்துட்டாரு, அங்கிள்.”

கொடிக்கயிற்றடியில் லெட்சுமி துணி உதறும் ஓசை நின்றது. பதிவு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மென்று விழுங்கிய பின் உண்மை வந்தது. அன்று கிடைத்தவை முப்பத்தேழு கையெழுத்துகளே. மற்றவர்கள் நாளைக்கு என்றார்கள், மனுவுக்கோ அன்றே கடைசி நாள், நாளை என்பதே இல்லை. ஆகவே கோவில் தீமிதித் திருவிழாவின் உபயக்காரர் பட்டியலை விரித்து, இரண்டு பேனாக்களையும் இரண்டு கைகளையும் மாற்றி மாற்றி, எஞ்சிய அறுபத்து மூன்றையும் அவரே போட்டார். இறந்த தகப்பனார் பெயரிலேயே பிள்ளைகள் ஆண்டுதோறும் உபயம் கட்டும் வழக்கம் அவசரத்தில் நினைவுக்கு வரவில்லை.

சுகுமாறனின் கண்முன்னே பொன்னாடை பறந்து போயிற்று. அந்தப் பகுதியை மட்டும் அழித்துவிடும்படி கெஞ்சினார்.

“அழிக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு, அங்கிள். ஆனா இந்த மனுதான் ஒரே ஆதாரம். அதை எடுத்துட்டா, கூரை தானா முளைச்சிச்சுன்னுதான் எழுதணும்.”

லெட்சுமி வாசலில் வந்து நின்றார். “முப்பது வருஷத்துல இன்னிக்குத்தான் இந்தக் கதைய முழுசா கேட்டேன். அழிக்காதீங்க, நல்லாருக்கு.”

சுகுமாறன் மனுவை மீண்டும் உறைக்குள் செருகினார். கூரையை இழப்பதைவிடப் பொன்னாடையை இழப்பது மேல் என்று பட்டது. “இருந்துட்டுப் போவட்டும். கூரை இன்னும் ஒழுகலன்னு மட்டும் சேர்த்துக்கம்மா,” என்றார்.

மலர் ஒப்புதல் படிவத்தை நீட்டினாள். அவர் பேனாவைத் திறந்ததும் கைப்பேசியைத் தூக்கி, அவர் கைக்கு நேராகக் காணொளி எடுக்கத் தொடங்கினாள்.

“தப்பா நெனச்சிக்காதீங்க, அங்கிள். ஆதாரத்துக்கு.”

சுகுமாறன் முதல் வகுப்புப் பிள்ளையைப்போல் எழுத்தெழுத்தாகத் தம் பெயரை எழுதினார்.