ஒட்டிப்போன மச்சான்கள்

முதல் உலகப் போர் வந்ததற்கு ஒரு டிரைவர்தான் காரணமாம். பெண்ணாடத்திலிருந்து வந்த பஸ்ஸில் யாரோ பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டு வந்ததைக் கண்டக்டர் காதில் வாங்கி, விருத்தாசலத்தில் டீ குடிக்கும்போது ஆட்டோக்காரர்களிடம் இறக்கிவைத்துவிட்டுப் போய்விட்டார். எங்கேயோ வெளிநாட்டில் இளவரசரை ஏற்றிக்கொண்டு போன டிரைவர் தப்பான தெருவில் காரைத் திருப்ப, அங்கே துப்பாக்கியோடு நின்றவனுக்கு வேலை சுலபமாகிவிட்டதாம். அதற்கப்புறம் உலகமே பற்றிக்கொண்டதாம்.

ஆட்டோ ஓட்டும் விருத்தகிரிக்கு மனசே ஆறவில்லை. நேராக நீலாவதியின் கொட்டகைக்கு வந்து இறங்கினான். அந்தப் போரைக் களிமண்ணில் செய்துகொண்டிருந்தவள் ஊரிலேயே அவள் ஒருத்திதான். முறையிட வேறு ஆள் இல்லை.

"யாரு என்னா பண்ணாலும் கடைசியில டிரைவர் தலையிலதான்க்கா கட்டுவாங்க. பாதைய மாத்துனத அந்த ஆளுகிட்ட எவனாச்சும் சொன்னானா? மொதல்ல அத உங்க டீச்சர்கிட்ட கேளு."

நீலாவதி போன் போட்டுக் கேட்டாள். பாதையை மாற்ற முடிவு செய்தவர்கள் டிரைவரிடம் சொல்ல மறந்துவிட்டார்கள் என்றுதான் படித்திருக்கிறேன் என்றார் அந்தப் பொம்மைகளுக்கு ஆர்டர் கொடுத்திருந்த அன்புக்கரசி டீச்சர். அதோடு, அதெல்லாம் உடனடிக் காரணம்தான் அக்கா, அடிப்படைக் காரணம் வேறே இருக்கிறது என்றும் சொன்னார். விருத்தகிரிக்கு முதல் பாதியே போதுமானதாக இருந்தது. ஸ்டாண்டுக்குப் போய் அந்த டிரைவரை விடுதலை செய்துவிட்டான்.

உலகப் போர் நீலாவதியின் கைக்கு வந்த கதை இது. எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு அண்ணன் பாவாடையின் பீங்கான் பொம்மைக் கொட்டகையில் சேர்ந்தவள் அவள். கிளி மூக்குக்குச் சிவப்பு அடிப்பதுதான் வேலை. கல்யாணம் ஆயிற்று, பிள்ளைகள் பிறந்தார்கள், மூத்தவள் இனியா காலேஜுக்கே போய்விட்டாள். கிளி மூக்கு மட்டும் சிவந்துகொண்டே இருந்தது. ஒரு நாள் சும்மா இருக்கப் பிடிக்காமல், அச்சிலிருந்து எடுத்த ஈரக் கிளி ஒன்றின் கழுத்தை லேசாகச் சாய்த்துவைத்தாள். யாரோ தன்னைப் பற்றிப் பேசுவதை ஒட்டுக்கேட்கிற மாதிரி ஆகிவிட்டது கிளி. சென்னையிலிருந்து வந்த வியாபாரி அதைத்தான் முதலில் கையில் எடுத்தார். இது யார் யோசனை என்று அவர் கேட்க, நம்ம யோசனைதாங்க என்று பாவாடை நெஞ்சைத் தொட்டுக்கொண்டான். பின்னால் நின்ற நீலாவதி பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

"போ, போ. பெயிண்ட் காயறதுக்குள்ள வந்துடுவ," என்றான் பாவாடை.

தொழிற்பேட்டைக்குப் பின்னால் சின்னதாக ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்தாள். பழைய அச்சுகள் சிலதைத் தேடி வாங்கினாள். ரயில்வேயில் இருந்த அவள் கணவர் பாலகிருஷ்ணன் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவர் எதற்குமே அப்படித்தான்.

முதலில் வந்த ஆர்டரே பெண்ணாடம் பக்கத்து மெட்ரிகுலேஷன் பள்ளியிலிருந்துதான். வருஷா வருஷம் கண்காட்சியில் தெர்மகோல் எரிமலையைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன அன்புக்கரசி டீச்சர், இந்த வருஷம் இரண்டு உலகப் போர்களுக்கான காரணங்களையும் கொலுவாக வைத்துக்காட்டுவதாகத் தாளாளரிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். மற்ற பள்ளிக்காரர்களும் பார்க்க வருவார்களாம், பிடித்துப்போனால் அவர்களும் கேட்பார்களாம். பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று டீச்சர் சொல்லவில்லை. அது நீலாவதிக்கே தெரியும். கொட்டகைச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளிகளிடம் போக வேண்டியதுதான்.

முதல் சந்திப்பிலேயே தகராறு. டீச்சர் சொன்ன காரணங்கள் எதற்கும் கை, கால், முகம் இல்லை. ஏகாதிபத்தியம், ராணுவவாதம், தேசியவாதம், கூட்டணி. இதையெல்லாம் எந்த அச்சில் ஊற்றுவது?

"ஏகாதிபத்தியம்னா ஆளு யாரு டீச்சர்?"

ஆள் இல்லை, அது ஒரு போக்கு என்றார் டீச்சர். தன் நாடு போதாமல் ஊரான் நாட்டையெல்லாம் வளைத்துப் போடுவது. கொஞ்ச நேரம் யோசித்த நீலாவதி, கொலுக்கடைச் செட்டியாரின் அச்சை எடுத்துத் தொப்பையைப் பெரிதாக்கி, இலை முன்னால் உட்காரவைத்து, ஒரு கையைப் பக்கத்து இலைக்கு நீட்டிவிட்டாள். ராணுவவாதத்துக்கு இரண்டு வீடுகள். இந்த வீட்டுக்காரன் ஒரு தடி வாங்கினால் அந்த வீட்டுக்காரன் இரண்டு, அதைப் பார்த்து இவன் மூன்று, கடைசியில் இருவருக்குமே வாசல்படியில் கால் வைக்க இடமில்லை. டீச்சர் கைதட்டினார்.

கூட்டணியில்தான் மறுபடி சிக்கியது. யார் யாரோடு, ஏன் என்று நீலாவதிக்கு விளங்கவேயில்லை. டீச்சர் பேச்சுவாக்கில், மூணு ராஜாக்களும் சொந்தக்காரங்க வேற என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"என்னா சொந்தம்?"

இங்கிலாந்து ராஜாவின் அம்மாவும் ரஷ்ய ராஜாவின் அம்மாவும் அக்கா தங்கை. ஜெர்மனி ராஜாவின் அம்மா, இங்கிலாந்து ராஜாவுடைய அப்பாவின் கூடப்பிறந்தவர்.

"அப்ப ரஷ்யாக்காரரு சித்தி மவன், தம்பி மொற. ஜெர்மனிக்காரரு அத்த மவன், மச்சான். தம்பியச் சேத்துக்கிட்டு மச்சான அடிச்சிருக்காரு. இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் இந்நேரம் முடிச்சிருப்பேன் டீச்சர்."

வரலாறு இவ்வளவு நெருக்கமாக ஆனது டீச்சருக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. சொந்தத்தால் சண்டை வரவில்லை அக்கா, சொந்தம் இருந்தும் நிற்கவில்லை என்று திருத்தினார். அதற்குப் பெயர் என்னவானாலும் நீலாவதிக்கு வழி பிறந்துவிட்டது. அண்ணன் தம்பி இருவரும் அச்சு அசல் ஒரே முகம் என்று டீச்சர் சொன்னதால், சிப்பாய் அச்சு ஒன்றிலேயே இருவரையும் எடுத்து ஈரத்திலேயே தாடி ஒட்டினாள். ஜெர்மனி மச்சானுக்கு மீசை நுனி மேல்நோக்கி முறுக்கியிருக்க வேண்டுமாம். பேண்டு வாத்திய செட்டிலிருந்து பேண்டு மாஸ்டரை இழுத்தாள். பிரான்சுக்கு ராஜாவே கிடையாதென்று கேட்டதும், பாவம் என்று ஒரு சாதாரண ஆளைத் தொப்பி வைத்து நிறுத்தினாள்.

இரண்டாவது போர் சுருக்கமாக முடிந்தது. முதல் போரில் தோற்றவன் தலைமேலேயே முழுப் பழியையும் ஏற்றியதில்தான் அடுத்ததற்கு விதை விழுந்தது என்றார் டீச்சர். செங்கல் சுமக்கிறவன் பொம்மையில், ஆளுயரத்துக்கு மேலே இன்னும் செங்கல் ஏற்றினாள். அடுத்து ஊரெல்லாம் வேலையில்லாத காலம்; காய்கறிக்கடை செட்டை எடுத்துத் தராசை மட்டும் வெறுமையாக விட்டாள். அப்புறம் சின்ன மீசை வைத்த ஒருவன் மேடையில் ஏறிக் கத்துகிறான், கேட்டதையெல்லாம் மற்றவர்கள் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். கொடுத்தால் அடங்கிவிடுவான் என்று நினைத்தார்களாம். கொடுக்கிற கைகளை மட்டும் நீலாவதி இரண்டு தடவை அழித்துச் செய்தாள்.

இனிச் சூளை. பளபளப்புக்காகக் கிளேஸ் பூசிய பொம்மையைச் சூளையில் வைக்கும்போது ஒன்றோடொன்று படக்கூடாது. சூட்டில் கிளேஸ் கண்ணாடியாய் உருகும். பட்டால் அப்படியே ஒட்டிக்கொள்ளும். விரல் நுழைகிற இடைவெளி வேண்டும். ஆனால் அவளுக்குச் சொந்தச் சூளை இல்லை; தொழிற்பேட்டையில் ராஜமாணிக்கத்தின் சூளையில் கிடைத்ததோ ஒரே ஒரு தட்டு. மீதி முழுக்க அவருடைய பீங்கான் பியூஸ் கட்டைகள். பாவாடையின் சூளையில் அந்த வாரம் பாதி காலி என்று ஊருக்கே தெரியும். போய் ஒரு வார்த்தை கேட்க நீலாவதிக்கு வாய் வரவில்லை. உலகம் முழுவதையும் அந்த ஒரு தட்டிலேயே நெருக்கி அடுக்கினாள்.

சூளை திறந்தபோது எல்லாம் பளபளவென்று இருந்தது. செட்டியார் இலையை விட்டுக் கையை எடுக்கவில்லை. சித்தி மகன் தனியாக நின்றான். இங்கிலாந்தும் ஜெர்மனியும் மட்டும் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு, கல்யாண வீட்டில் போட்டோவுக்கு நிற்கிற மச்சான்களாக இளித்துக்கொண்டு நின்றார்கள்.

உடனடிக் காரணம் விரல் நுழையாத இடைவெளி. அடிப்படைக் காரணத்தை நினைக்காமல் இருக்கப் பார்த்தாள். உளியை எடுத்துத் தட்டினால் ஒருவருக்குத் தோளோ இன்னொருவருக்கு மீசையோ போய்விடும். மறுநாள் காலை கண்காட்சி. டீச்சருக்குப் போன் போட்டாள், கிடைக்கவில்லை.

"ஒடச்சீன்னா ரெண்டு பேருமே போயிடுவாங்கக்கா," என்றான் பொம்மைகளை ஏற்ற வந்த விருத்தகிரி. "இப்புடியே இருக்கட்டும். கேட்டா என்னா சொல்றது?"

"சண்டைக்கு முன்னாடி எடுத்த போட்டோன்னு சொல்லு."

கூடவே போகத்தான் புடவை மாற்றியிருந்தாள். ஆட்டோ கிளம்பும்போது ஏறாமல் நின்றுகொண்டாள். பார்த்து ஓட்டு என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் வரை ஒரு தகவலும் இல்லை. எதற்கும் இருக்கட்டுமென்று, தனியாக நிற்கிற ஜெர்மனி ஒன்றைப் புதிதாக வார்க்க ஆரம்பித்தாள். பேண்டு மாஸ்டரின் அச்சில் மண்கூழை ஊற்றப் போனபோது வாசலில் நிழல் விழுந்தது. பாவாடை.

மச்சான்கள் ஒட்டிக்கொண்டதை ராஜமாணிக்கத்தின் ஆட்கள் சொல்லியிருப்பார்கள். அவன் கிண்டல் எதுவும் செய்யவில்லை. அதுதான் நீலாவதிக்கு உதைத்தது. சுற்றிப் பார்த்தான், அச்சுகளை விரலால் தட்டிப் பார்த்தான்.

"என் சூளையில ஒரு தட்டு கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா குடுத்திருப்பியா அண்ணே?"

"கேட்டாத்தான தெரியும்."

நீலாவதி கூழை அச்சில் ஊற்ற ஆரம்பித்தாள். கிளி ஆர்டர் ஒன்று வந்திருக்கிறது, ஆள் போதவில்லை என்று சுவரைப் பார்த்துச் சொன்னான் பாவாடை. அந்த நேரத்தில் மேஜை மேல் செல்போன் அடித்தது. அவன் குனிந்து பார்த்தான்.

"டீச்சருன்னு போட்டிருக்குது. எடு நீலா."

"ஊத்தறப்ப நிறுத்துனா பொம்மையில கோடு விழும்."

அது உண்மைதான். கற்றுக்கொடுத்தவனே அவன்தான். ஆனால் அவள் கூழை ஊற்றிய நிதானத்தைப் பார்த்தால், அச்சு இன்னும் பத்து ஜெர்மனிகளைக் குடித்துவிடும்போல் இருந்தது.

"நான் எடுக்கட்டுமா?"

"எடுக்காத."

போன் அடித்துக்கொண்டே, அதிர்ந்து அதிர்ந்து, பிளாஸ்டர் தூசியில் மேஜை விளிம்பை நோக்கி நகர்ந்தது. பாவாடை அதைத் தொடவில்லை. விளிம்புக்குக் கீழே உள்ளங்கையை மட்டும் ஏந்திக்கொண்டு நின்றான்.