முள் சிவப்பைத் தொட்டபோது

எனக்கு அப்போது ஏழாம் மாதம். வளைகாப்பை நாட்றாம்பாளையத்தில் என் அம்மா வீட்டில் வைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் பஸ் குறைவு. இருக்கிற பஸ்ஸிலும் ஆள்மேல் ஆள் நிற்கும். இந்த நிலைமையில் பஸ் வேண்டாம் என்று சொல்லி, புதிதாக வாங்கிய பழைய காரில் என்னையும் தன் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு ஓசூரிலிருந்து கிளம்பினார் என் கணவர்.

அது ஒரு சின்ன பெட்ரோல் கார். மூன்று சிலிண்டர், எண்ணூறு சிசிக்குச் சற்றுக் குறைவு, கார்புரேட்டர் வைத்த எஞ்சின், நாலு கியர். எவ்வளவு மிதித்தாலும் முப்பத்தேழு குதிரைசக்திக்கு மேல் வராது. ஓசூர் டவுனுக்குள் காய்கறி வாங்கப் போக அது போதும். மூன்று பேரோடு, சீர்த்தட்டும் பலகாரத் தூக்கும் அடைத்துக்கொண்டு மலையேறுவது வேறு கதை.

எனக்கு இது தெரியாமல் இல்லை. நானும் அவரும் சிப்காட்டில் எஞ்சின் கேஸ்கெட் செய்யும் ஒரே கம்பெனியில்தான் வேலை பார்த்தோம். எஞ்சினின் இரும்பு பிளாக்குக்கும் மேலே இருக்கும் அலுமினிய ஹெட்டுக்கும் நடுவில் உட்காரும் மெல்லிய தகடுதான் கேஸ்கெட். வண்டி அளவுக்கு மீறிச் சூடானால் ஹெட் வளையும், இந்தத் தகடு கருகும். கருகித் திரும்பி வந்த தகடுகள் என் மேசைக்குத்தான் வரும். பெரும்பாலும் காரணம் ஒன்றாகவே இருக்கும். ரேடியேட்டர் ஃபேனைச் சுழலவிடும் சுவிட்ச் செத்திருக்கும். ஓடும்போது எதிர்க்காற்று அடிப்பதால் அது தெரியாது. வண்டி நின்றால்தான் தெரியும்.

அஞ்செட்டி தாண்டியதும் ஏற்றம் தொடங்கியது. உச்சி வெயில் சாய்ந்துவிட்டாலும் அனல் குறையவில்லை. கணவர் இரண்டாவது கியரிலேயே உறுமவிட்டுக்கொண்டு வளைவுகளில் ஏற்றினார். நான் முன்சீட்டில் இருந்தேன். வெப்பத்தைக் காட்டும் முள் பாதியைத் தாண்டி நிற்பதைப் பார்த்தேன். சொன்னால் அவருக்குக் கோபம் வரும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு வளைவு திரும்பியதும் அவர் பிரேக்கை அழுத்தினார். எதிரே ரோட்டில் யானைகள். இரண்டு ஏற்கனவே கடந்து மூங்கிலுக்குள் போய்க்கொண்டிருந்தன. கடைசியாக வந்த பெண் யானை நடு ரோட்டில் நின்றது. அதன் வயிற்றுக்கு அடியில் குட்டி.

பின்சீட்டிலிருந்த அத்தை விருதுநகர்க்காரர். கோயில் யானையைத் தவிர வேறு யானையைப் பார்த்தவர் இல்லை. "ஆத்தாடி" என்று ஒரு சத்தம் போட்டார்.

"பேசாம இரும்மா," என்றார் கணவர். அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

நின்ற வண்டியில் எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஃபேன் சுழலும் சத்தம் கேட்கவில்லை. முள் மேலே ஏறி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பைத் தொட்டது.

"என்னாங்க, ஃபேன் ஓடல."

"தெரியுது."

அவர் முகத்தில் வியர்வை ஓடியது. எஞ்சினை ஓடவிட்டால் ஹெட் வளைந்து வண்டி அங்கேயே செத்துவிடும். நிறுத்தினால் அந்தச் சூட்டில் பம்புக்குள் இருக்கும் பெட்ரோல் ஆவியாகிவிடும். கார்புரேட்டர் வண்டிகளின் தீராத வியாதி அது. ஆறும்வரை ஸ்டார்ட் ஆகாது. இரண்டில் எதைச் செய்தாலும் நாங்கள் அங்கேதான் இருப்போம், எதிரே அதுவும் இருக்கும்.

அவர் முடிவு செய்வதற்குள் எஞ்சினே இரண்டு தடவை திணறி நின்றுவிட்டது.

அந்த அமைதியைப்போல் பயங்கரமான ஒன்றை நான் பிறகு கேட்டதில்லை. சூடான இரும்பு டிக் டிக்கென்று சொடுக்குவது மட்டும் கேட்டது. யானை எங்கள் பக்கம் திரும்பியது. காதுகள் விரிந்தன.

அவர் கை சாவிக்குப் போனது. ஸ்டார்ட்டர் கிர்ரென்று சுற்றியது, எஞ்சின் பற்றவில்லை. யானை ஓர் அடி முன்னால் வைத்தது.

நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். "தொடாதீங்க. சத்தம் கேட்டா வந்துடும். நியூட்ரல் போட்டு பிரேக்க விடுங்க. பின்னால எறக்கம்தான்."

சொன்னேனே தவிர, பின்னால் ஒரு பக்கம் பள்ளம் என்பது எனக்கும் தெரியும். அவர் ஹேண்ட் பிரேக்கை இறக்கினார். வண்டி மெதுவாகப் பின்னால் உருளத் தொடங்கியது. எஞ்சின் ஓடாததால் பிரேக் கல்லாக இறுகியிருந்தது. இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டு, பார்வையை யானையிலிருந்து எடுக்க முடியாமல் இருந்தார்.

அத்தைதான் சீட்டில் முட்டி போட்டுத் திரும்பிப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தார். அழுதுகொண்டே சொன்னார். "மலப் பக்கமா ஒடிய்யா... போதும், நேரா விடு... ஐயோ பள்ளம்யா, இந்தப் பக்கம், இந்தப் பக்கம்..."

வளைவு யானையை மறைத்தது. அடுத்த கணம் மலைப்பக்கத்துப் பாறையில் பின்பக்கம் டமாரென்று மோதி வண்டி நின்றது. மேலே யானை பிளிறியது. நாங்கள் மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு வளைவையே பார்த்தோம். இப்போது வரும், இப்போது வரும் என்று பார்த்தோம். மூங்கில் முறியும் சத்தம் கேட்டது. அது விலகிப் போகிறதா, நெருங்குகிறதா என்று பிரித்தறிய முடியவில்லை. பிறகு அதுவும் நின்றது.

அப்போதுதான் கவனித்தேன், வயிற்றில் குழந்தை அசையவில்லை. கடைசியாக எப்போது அசைந்தது என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கையை வயிற்றில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வெகுநேரம் கழித்துக் கணவர் சத்தமில்லாமல் இறங்கி பானெட்டைத் திறந்தார். துண்டை நனைத்து பெட்ரோல் பம்பின்மேல் சுற்றினார். ரேடியேட்டர் மூடியைத் தொடவில்லை. திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். என் பக்கம் வந்து, "ஹேர்பின் ஒண்ணு குடு," என்றார். செத்த சுவிட்சின் இரண்டு ஒயரையும் அதைக்கொண்டு இணைத்தால் ஃபேன் நேரடியாக ஓடும். முதல் ஹேர்பின் அவர் விரலிலிருந்து நழுவி எஞ்சினுக்குள் விழுந்து காணாமல் போனது. அடுத்ததை நானே இறங்கிப்போய்ச் சொருகினேன். சாவியைத் திருப்பியதும் ஃபேன் சுழன்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அத்தை கும்பிட்டார்.

ஆறியபின் வண்டி பற்றியது. ஆனால் போக வேண்டியது மேலேதான். யானை நின்ற இடத்தைக் கடக்கும்போது ஒருவரும் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. அத்தை பின்னாலிருந்து என் தோளை இறுகப் பிடித்திருந்தார். மறுநாள் பார்த்தபோது அங்கே நகம் பதிந்து கன்றியிருந்தது.

வீட்டு வாசலில் அம்மா என்னைப் பார்த்ததும், "இன்னாம்மா இப்பிடி வெளுத்துப்போய் வந்துகிறே?" என்றாள். நேரே உள்ளே போய் இடதுபக்கமாகச் சரிந்து படுத்தேன். வெல்லம் கரைத்த தண்ணீரை அம்மா குடிக்க வைத்தாள். கொஞ்ச நேரத்தில் விலா ஓரமாக ஒரு உதை விழுந்தது. அதன்பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. ஏன் அழுகிறேன் என்று யாருக்கும் புரியவில்லை.

வளைகாப்பு முடிந்து அவர் வண்டியை ஓசூருக்கு எப்படியோ ஓட்டிப் போனார். ஹெட் லேசாக வளைந்து, நடு சிலிண்டர் ஓரமாகக் கேஸ்கெட் கருகியிருந்ததாம். எல்லாம் மாற்றி, புது சுவிட்சும் போட்டுவிட்டு, அம்மா வீட்டிலேயே தங்கிவிட்ட எனக்குப் போன் செய்தார்.

"இப்ப வண்டி சும்மா ஜம்முனு இருக்கு. செக்கப்புக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்."

"பஸ்ல வாங்க," என்றேன்.

அவர் பஸ்ஸில்தான் வந்தார், அஞ்செட்டியிலிருந்து நின்றுகொண்டே.